சென்னை விவேகானந்தர் இல்லத்தைப் பார்க்க எங்கள் பிள்ளைகளுக்கு உதவி கோரும் மனு

அனுப்புநர்:
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி,
அரசுப் பள்ளி, தலைகுந்தா வட்டாரம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: 9ஆம் வகுப்புப் பிள்ளைகள் 38 பேரைச் சென்னைக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்ல உதவி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் கேரட் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறேன். போன ஜனவரியில் ஒரு விடியற்காலை என் மகள் புல்மேல் படிந்திருந்த உறைபனியைச் சுரண்டிச் சின்ன டப்பாவில் போட்டாள். அதைப் பெரிய டப்பாவுக்குள் வைத்து, சுற்றிலும் மரத்தூளை அடைத்துப் பள்ளிக்கு எடுத்துப் போனாள். பத்து மணிக்குத் திறந்தபோது அடியில் கொஞ்சம் கரையாமல் இருந்ததாம். அன்று சாயங்காலம் வரை அதே பேச்சுதான்.

சென்னை ஐஸ் ஹவுஸ் பற்றி ஆசிரியர் சொன்ன பாடம்தான் காரணம். அமெரிக்காவிலிருந்து மரத்தூள் மூடிக் கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்க 1842இல் கட்டிய கட்டடம் அது. இங்கேயே ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. அப்புறம் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் வீடானது. மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் அங்கே 9 நாள் தங்கினார். பிற்பாடு சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்க வைத்ததும் அதே கட்டடத்தில்தான். பத்தாவதோடு பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடலாமா என்று பேசும் வீடுகள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கின்றன. அதனால் எனக்கு இந்தச் செய்திதான் மனதில் நிற்கிறது. 1963இல் சுவாமிஜியின் நூற்றாண்டையொட்டி அரசு அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் வைத்தது. இப்போது ராமகிருஷ்ண மடம் அங்கே அவர் வாழ்க்கையைக் கண்காட்சியாக வைத்திருக்கிறது.

எதிரே மெரினா. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் கடலையே பார்த்ததில்லை.

அவர் தங்கிய நாட்களை நினைத்து ஆண்டுதோறும் பிப்ரவரி 6 முதல் 14 வரை அங்கே விழா நடக்கிறது. அந்த நாட்களில் போய்வர அனுமதியும், மேட்டுப்பாளையம் வரை பேருந்தும், நீலகிரி எக்ஸ்பிரஸில் போய்வரப் பயணச்சீட்டும், சென்னையில் ஓர் இரவு தங்க அரசு விடுதியில் இடமும் தந்து உதவ வேண்டுகிறோம். கூட வர 4 ஆசிரியர்கள் சம்மதித்துள்ளனர். சாப்பாட்டுச் செலவைப் பெற்றோர் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். கூலி வேலையில் ரயில் செலவு மட்டும் எங்களால் முடியாது, ஐயா.

பெற்றோர் 38 பேரின் கையெழுத்தும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி