கடிதத்தை முந்திய பறவை

அன்புள்ள மகளுக்கு,

வழி தெரிந்த பெரியவை உடன் வராமல் இளம் பறவைகள் எப்படி வலசை போகின்றன என்று சென்ற வாரம் நீ கேட்டபோது, அது பிறவியிலேயே வருவது என்று சொல்லி முடித்துவிட்டேன். அந்தப் பதில் பாதிதான் சரி என்பதால் மீதியை எழுதுகிறேன்.

மேங்க்ஸ் ஷியர்வாட்டர் என்னும் கடற்பறவையின் குஞ்சு, மண்வளைக்குள் பெற்றோரைவிடக் கனமாகக் கொழுத்து வளர்ந்து, ஓர் இரவில் தனியே வெளியேறி, பிரிட்டன் தீவுகளிலிருந்து தென் அமெரிக்கக் கடற்பகுதி வரை பறந்துவிடுகிறது. இதற்கு நேர்மாறாக, வட அமெரிக்காவின் வூப்பிங் கொக்கின் குஞ்சு பெற்றோரின் பின்னால் பறந்தே வழியைக் கற்கிறது. அதனால்தான் மனிதர் வளர்த்த குஞ்சுகளுக்கு 2001 முதல் சில ஆண்டுகள், விஸ்கான்சினிலிருந்து புளோரிடாவுக்குச் சிறு விமானத்தை முன்னே ஓட்டி வழிகாட்ட வேண்டியிருந்தது.

தனியே போகும் பறவைக்குப் பிறவி கொடுப்பது என்ன என்பதை, நெதர்லாந்து ஆய்வாளர் பெர்டெக் 1958இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகே நான் சரியாகப் புரிந்துகொண்டேன். மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகள் இலையுதிர் காலத்தில் தென்மேற்காக நெதர்லாந்தைக் கடக்கும்போது, ஆண்டுக்கணக்கில் 11,000க்கும் மேற்பட்டவற்றைப் பிடித்து, காலில் அடையாள வளையமிட்டு, சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். முன்பு ஒருமுறையாவது பயணம் செய்திருந்த பெரியவை, புதிய இடத்திலிருந்து திசையைத் திருத்திக்கொண்டு, தாம் வழக்கமாகக் குளிர்காலத்தைக் கழிக்கும் வட பிரான்சு, தென் இங்கிலாந்துப் பக்கம் பறந்தன. முதல் பயணம் புறப்பட்டிருந்த இளையவையோ அதே தென்மேற்குத் திசையிலேயே பறந்து தென் பிரான்சையும் ஸ்பெயினையும் அடைந்தன. அவற்றில் சில, பின்வந்த குளிர்காலங்களிலும் ஸ்பெயினிலேயே காணப்பட்டன என்பதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. தவறிப்போன அந்த இடமே அவற்றுக்குத் தம் இடமாகிவிட்டது போலும்.

ஆகவே முதல் பயணத்தில் கையிருப்பாக இருப்பது ஒரு திசையும், ஏறக்குறைய எவ்வளவு காலம் பறப்பது என்ற உணர்வும்தான். சேருமிடம் போய்த்தான் பழக்கமாகிறது. பழகிய பறவையின் திறமை வேறு வகை. 1952இல் வேல்ஸ் கரையருகே உள்ள ஸ்கோக்ஹோம் தீவிலிருந்து ஒரு ஷியர்வாட்டரை விமானத்தில் பாஸ்டனுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அது வழக்கமாகப் போகும் பாதையே அல்ல. ஆனாலும் 5,000 கிலோமீட்டர் அட்லாண்டிக்கைக் கடந்து, பன்னிரண்டரை நாளில், விடுவித்த செய்தியைச் சொல்லும் கடிதம் வருவதற்கு முன்பே, அது தன் வளைக்குத் திரும்பியிருந்தது.

அன்புடன்,
அப்பா