முதல் நாளே கரும்பலகையில் ‘அ, ஆ’ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் பற்றி வரும் செய்திகளில் சேர்ந்தவர் எத்தனை பேர், தேர்வெழுதியவர் எத்தனை பேர் என்ற கணக்குதான் பெரிதாக இருக்கிறது. மையத்தில் முதல் இருபது நாள் என்ன சொல்லித் தரப்படுகிறது, சொல்லித் தருபவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று யாரும் பேசுவதில்லை. வந்தவர் தொடர்வதும் நின்றுபோவதும் பெரும்பாலும் அந்த இருபது நாளில் முடிவாகிவிடுகிறது.

சொல்லித் தரும் தன்னார்வலருக்கு ஊதியம் கிடையாது. கையில் ஒரு புத்தகம் இருக்கும். மனதில் இருப்பதோ தான் ஒன்றாம் வகுப்பில் படித்த விதம். அதனால் புத்தகம் சொல்லிலிருந்து தொடங்கினாலும் கரும்பலகையில் ‘அ, ஆ’ ஏறிவிடுகிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என 247 எழுத்தையும் வரிசையாகக் கடக்கக் குழந்தைக்கு நேரம் உண்டு. பகலெல்லாம் களையெடுத்துவிட்டு வருபவரை முதல் வாரத்திலேயே ‘ஔ’ எழுத வைப்பதில் என்ன பயன்? ஔவையாரை விட்டால் அந்த எழுத்தை அவர் எங்கே பார்க்கப் போகிறார்?

மாற்று வழி கடினமானதல்ல. ட, ப, ம என்ற மூன்று எழுத்து, புள்ளி, கால். இவ்வளவு போதும்: படம், பாடம், பட்டம், மட்டம், மடம், மாமா, டப்பா, பட்டா. மூன்றும் பெரும்பாலும் நேர்கோட்டில் அமைந்தவை; பேனா பிடித்துப் பழகாத கைக்கு வளைவை விட நேர்கோடு எளிது. அடுத்து இகரக் கொக்கியைச் சேர்த்தால் படி, பிடி, மாடி, பாட்டி. ‘பட்டா’ என்ற சொல்லை எழுதிப் போட்டால் வகுப்பில் அரை மணி நேரம் பேச்சு தானாக நடக்கும். யார் பெயரில் நிலம், ஏன் பெண் பெயரில் இல்லை என்று.

கற்பவர் தடுக்கி விழும் இடம் உகரமும் ஊகாரமும். கால், கொக்கி, கொம்பு எல்லா எழுத்திலும் ஏறத்தாழ ஒரே மாதிரி ஒட்டும். கு, டு, து, பு அப்படி இல்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை போன்றவற்றைச் சீராக்கியது. உகர, ஊகார எழுத்துகள் 36ஐயும் அது தொடவில்லை. இவற்றை வரிசையில் நடத்தாமல் வடிவத்தால் பிரித்துத் தர வேண்டும்: பு, சு, வு, யு ஒரு நாள், து, நு, லு, று, னு இன்னொரு நாள், டு, மு, ரு, ளு, ழு மற்றொரு நாள். கு தனி. இங்கே அவசரப்பட்டால் வருகை குறைவது உறுதி.

பெயர் எழுதுவதில் ஒரு பொறி உண்டு. எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான், கொடுக்கவும் வேண்டும். ஆனால் பழனியம்மாள் தன் பெயரைக் கோலம் போலப் படமாக மனதில் பதித்துக்கொள்வார். அதே எழுத்தைப் பேருந்துப் பலகையில் காட்டினால் தெரியாது. பெயரை அட்டையில் எழுதி, எழுத்தெழுத்தாக வெட்டிக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் மாரியம்மாளின் அட்டை. ய, ம், மா, ள் நான்கும் இருவருக்கும் பொது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

பிரேசிலில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேயிரே 1963இல் ஆங்கிகோஸ் ஊரில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு தர முயன்றபோது, ஆசிரியர் என்ற சொல்லையே விட்டுவிட்டு ஒருங்கிணைப்பாளர் என்றார். கற்பவர் வாயில் புழங்கும் சொல்லை எடுத்து அசை அசையாகப் பிரித்தார். போர்த்துகீசிய எழுத்தை அசைக் குடும்பமாக அவர் அடுக்க வேண்டியிருந்தது. நம் உயிர்மெய் அப்படியே அசையாக நிற்கிறது. நாமோ அதைப் பட்டியலாக்கி மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

தன்னார்வலரின் முதல் வேலை கற்பவர் சொல்வதை எழுதுவது. “தண்ணி வரல” என்றால் அதையே எழுதட்டும். கற்பவர் அதை இரண்டு முறை படித்த பிறகு கீழே “தண்ணீர் வரவில்லை” என்று எழுதலாம். முதலிலேயே ‘தப்பு’ என்றால் பெரியம்மா வயதில் இருப்பவர் மறுநாள் வரமாட்டார், காரணத்தையும் சொல்லமாட்டார். அறுவடை, திருவிழா என்று பத்து நாள் இடைவெளி விழுவதும் இயல்பு. ஒவ்வொரு வகுப்பிலும் முதல் 15 நிமிடம் பழைய சொற்களுக்கு ஒதுக்கினால், விட்டுப்போனவர் திரும்பி வந்து உட்கார முடியும்.

கணக்கில் அவர்கள் தொடக்கநிலையினர் அல்லர். கிலோ 48 ரூபாய் என்றால் மூன்று கிலோவுக்கு ‘அம்பது மூணு நூத்தம்பது, ஆறு போக நூத்தி நாப்பத்தி நாலு’ என்று நொடியில் சொல்வார்கள். அந்த வழியையே தாளில் எழுதிக் காட்ட வேண்டும். சிக்கல் எழுதுவதில்தான்: நூற்றைந்தை 1005 என்று எழுதுவார்கள், காதில் விழுவது நூறும் ஐந்தும் என்பதால். 100 என்ற அட்டையின் கடைசிச் சுழியத்தின் மேல் 5 அட்டையை வைத்துக் காட்டினால் தெளியும். நூறு ரூபாய்த் தாளும் ஐந்து ரூபாய் நாணயமும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

இத்திட்டத்தின் தேர்வு 150 மதிப்பெண். வாசிப்பு, எழுத்து, எண் ஒவ்வொன்றுக்கும் 50. 1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் வாய்விட்டு வாசிக்க நிமிடத்துக்கு 30 சொல் என்று அளவு வைத்திருந்தது. தமிழில் சொல்லை எண்ணுவது சரியான அளவாகாது. ‘படி’யும் ஒரு சொல், ‘வந்துகொண்டிருந்தபோது’வும் ஒரு சொல். எழுத்தை எண்ணுவதே நியாயம்.

இன்னொன்று, பாடத்திட்டத்தில் யாரும் எழுதாதது. நாற்பது வயதைக் கடந்தவருக்கு அருகில் இருப்பது மங்கலாகத் தெரியும். ‘மண்டையில் ஏறல’ என்று சொல்பவர்களில் பலருக்கு எழுத்து கண்ணுக்கே தெரிவதில்லை. சேர்க்கை நாளிலேயே கண் பரிசோதனை நடத்தி, தேவைப்படுவோருக்கு வாசிப்புக் கண்ணாடி கொடுத்துவிட்டு முதல் பாடத்தைத் தொடங்கும்படி மையங்களுக்கு உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
வயது வந்தோர் கல்விக் கருத்தாளர்கள்,
திருச்சி