24 விநாடிக் கணக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. மகளுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்துவிட்டது என்று படித்ததும் அப்படியொரு சந்தோஷம். முழங்கால் வலி இப்போது தேவலையா? இங்கே எல்லோரும் நலம். சின்னவன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. கூடைப்பந்தின் பழைய கதைகளைத் தேடித் தேடிப் படிக்கிறேன். அதில் ஒரு சீசனை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும்: 1954-55, அமெரிக்காவின் சிராகியூஸ் நகரத்து டீமான நேஷனல்ஸ்.

அதற்கு முன்னால் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ எந்த நிலையில் இருந்தது தெரியுமா? ஒரு டீம் முந்திவிட்டால் போதும், பந்தைத் தட்டிக்கொண்டே நேரத்தைக் கடத்தும். எதிர் டீமுக்கு ஃபவுல் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. 1950 நவம்பர் 22 அன்று மினியாபோலிஸில் ஃபோர்ட் வெயின் பிஸ்டன்ஸ் 19, உள்ளூர் டீமான லேக்கர்ஸ் 18. இது ஒரு குவார்ட்டரின் (கால் பகுதி ஆட்டத்தின்) ஸ்கோர் இல்லை, முழு ஆட்டமே அவ்வளவுதான்! லேக்கர்ஸின் நட்சத்திரம் ஜார்ஜ் மைக்கனைச் சமாளிக்க முடியாது என்று பிஸ்டன்ஸ் பந்தைக் கையிலேயே வைத்திருந்தார்கள். லேக்கர்ஸின் 18-இல் 15 மைக்கன் போட்டது. 1953-இல் பாஸ்டனும் சிராகியூஸும் மோதிய பிளே-ஆஃப் ஆட்டம் நான்கு கூடுதல் நேரம் வரை போனது. அதில் நூற்றுக்கு மேல் ஃபவுல்கள். பாஸ்டனின் பாப் கூசி எடுத்த 50 புள்ளிகளில் 30 ஃப்ரீ த்ரோவில், அதாவது ஃபவுலுக்காகக் கிடைக்கும், யாரும் தடுக்காத எறிதலில் வந்தவை. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன் இதைப் பார்க்கவா வருவான்?

சிராகியூஸ் டீமின் முதலாளி டேனி பியாசோன். இத்தாலியில் பிறந்தவர், ஊரில் ஒரு பவுலிங் கூடம் (பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் விளையாட்டு) நடத்தியவர். அவரும் டீமின் நிர்வாகி லியோ ஃபெரிஸும் போட்ட கணக்கு ரொம்ப எளிது. நல்ல ஆட்டம் என்று ரசிகர் சொல்லும் ஆட்டத்தில் ஒவ்வொரு டீமும் ஏறக்குறைய 60 முறை கூடையை நோக்கி எறிகிறது, ஆக மொத்தம் 120. ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2880 விநாடி. வகுத்தால் 24. ஆக, பந்து கிடைத்த டீம் 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்பதுதான் அவர்கள் சொன்ன விதி. 1954 ஆகஸ்டில் சிராகியூஸில் ஒரு பள்ளியின் உள்ளரங்கில் லீக்காரர்களை வரவழைத்து ஆடிக் காட்டினார்கள். அந்த சீசனிலிருந்தே விதி அமலுக்கு வந்தது. ஒரு டீமின் சராசரி ஸ்கோர் 79-லிருந்து 93-க்கு ஏறியது.

ஆனாலும் லீக் அப்போது கால் ஊன்றியிருக்கவில்லை. நவம்பரிலேயே பால்டிமோர் டீம் கலைந்துபோய், எட்டு டீம்கள்தான் மிஞ்சின. மைக்கனும் சீசன் தொடங்குமுன் ஓய்வு அறிவித்துவிட்டார். இந்த இடைவெளியில் அல் செர்வி பயிற்சியில் சிராகியூஸ் 43 வெற்றி, 29 தோல்வி என்று முடித்து இறுதிச் சுற்றுக்கு வந்தது. டால்ஃப் ஷேய்ஸ்தான் டீமின் தூண். முன்பு கை முறிந்து கட்டுப் போட்டிருந்தபோதும் அவர் ஆட்டத்தை விடவில்லை, மற்றக் கையால் எறியப் பழகிக்கொண்டார். இதையெல்லாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், நண்பா.

எதிரி அதே ஃபோர்ட் வெயின். அவர்களுடைய சொந்த அரங்கம் ஒரு பவுலிங் போட்டிக்கு ஒதுக்கப்பட்டுவிட்டதால் 'வீட்டு' ஆட்டங்களை இண்டியானாபோலிஸில் ஆடினார்கள். இரு பக்கமும் தங்கள் பக்கத்து ஆட்டங்களில் மட்டும் ஜெயித்து 3-3 என்று நின்றன. ஏப்ரல் 10, சிராகியூஸில் ஏழாவது ஆட்டம். இரண்டாவது குவார்ட்டரில் சிராகியூஸ் 17 புள்ளிகள் பின்தங்கியது. ஒரு வருடத்துக்கு முன்பென்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும், ஃபோர்ட் வெயின் பந்தை உருட்டிக்கொண்டே நேரத்தைப் போக்கியிருக்கும். இப்போது 24 விநாடிக்கு ஒருமுறை எறிந்துதான் ஆகவேண்டும், தவறினால் பந்து எதிரிக்குப் போகும். எனக்கு இந்த விதியில் பிடித்ததே இதுதான். வேகம் கூடியது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கோ, பின்தங்கியவனுக்கும் திரும்பத் திரும்பப் பந்து கிடைக்கிறதே, அதுதான் பெரிய விஷயம். சிராகியூஸ் ஒவ்வொரு புள்ளியாக எட்டிப் பிடித்தது.

91-91. பன்னிரண்டு விநாடி மிச்சம். ஜார்ஜ் கிங்குக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று தவறியது, ஒன்று விழுந்தது. 92-91. ஆண்டி ஃபிலிப் பந்தைக் கொண்டுவரும்போது அதே கிங் பாய்ந்து தட்டிப் பறித்துவிட்டார். பட்டம் சிராகியூஸுக்கு!

அந்த டீமில் ஏர்ல் லாய்ட் இருந்தார். 1950 அக்டோபர் 31 அன்று வாஷிங்டன் அணிக்காகக் களமிறங்கி, என்பிஏவில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஆனவர் அவர்தான். அவரும் ஜிம் டக்கரும்தான் என்பிஏ பட்டம் வென்ற முதல் கறுப்பின வீரர்கள். அவரைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுதலாம், எழுதுவேன்.

சிராகியூஸ் சின்ன ஊர். பெரிய நகரங்களோடு பணத்தில் போட்டி போட முடியவில்லை. 1963-இல் டீம் பிலடெல்பியாவுக்குப் போய் 76ers ஆனது. பியாசோன் 1992-இல் காலமானார். கூடைப்பந்தின் பெரியவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைச் சேர்த்ததோ 2000-இல். உயிரோடு இருக்கும்போதே அந்தக் கௌரவத்தைக் கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆதங்கம்.

உன் பள்ளிப் பிள்ளைகள் முந்தியதும் பந்தைப் பொத்தி வைத்துக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, ஒரு ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு அவர்களுக்கு 24 விநாடி கொடுத்துப் பார். என்ன நடந்தது என்று மறக்காமல் எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்