பத்து மாத அட்வான்ஸ் யாருக்கு லாபம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த வாசகர் கடிதம், வீட்டுக்காரர்கள் பத்து மாத அட்வான்ஸை வாங்கி வட்டிக்கு விட்டுப் பிழைப்பதாகச் சொல்கிறது. குரோம்பேட்டையில் கீழே நானும், மாடியில் ஒரு குடித்தனமுமாக இருக்கும் வீட்டின் சொந்தக்காரி நான். ஓய்வு பெற்ற ஆசிரியை. வட்டிக்கு விட என் கையில் அந்தப் பணம் நின்றதே இல்லை.

ஒன்பதாயிரம் வாடகைக்குத் தொண்ணூறாயிரம் அட்வான்ஸ் வாங்கினேன். அந்த வருட மழையில் மாடி ஒழுகியது. மொட்டை மாடியில் ஓடு பதித்ததில் முக்கால்வாசிப் பணம் போயிற்று. எங்கள் தெருவில் எல்லோர் கதையும் இதுதான். பழைய குடித்தனக்காரருக்குத் தர வேண்டியதைப் புதிதாக வருகிறவரின் அட்வான்ஸிலிருந்து எடுத்துத் தருவோம். என் வீட்டில் இருந்தவர்கள் ஆனிக் கடைசியில் காலி செய்தார்கள். ஆடியில் யார் வந்து பால் காய்ச்சுவார்கள்? ஆவணி பிறக்கும்வரை வீடு பூட்டிக் கிடந்தது. அவர்களோ புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டிய அவசரத்தில் இருந்தார்கள். வளையலை அடகு வைத்துக் கொடுத்தேன்.

அடுத்து வந்தவர்கள் இந்தக் கதையை அக்கம்பக்கத்தில் கேட்டிருப்பார்கள் போலும். காலி செய்வதற்கு நான்கு மாதம் முன்பே வாடகையை நிறுத்திவிட்டு, “அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்கம்மா” என்றார்கள். கோபம்தான் வந்தது. யோசித்தால், அவர்கள் இடத்தில் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

1960-ஆம் வருட வாடகைச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி குடியிருக்கும் வீட்டுக்குப் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. வீடு கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். இது குடித்தனக்காரருக்காக மட்டும் போட்ட சட்டம் என்று நினைத்திருந்தேன். இப்போது மூன்று மாதம்தான் வாங்குகிறேன். இருபத்தேழாயிரத்தையும் தொடாமல் பேங்கில் வைத்திருக்கிறேன். ராத்திரி தூக்கம் வருகிறது. “ஏரியா ரேட்டையே கெடுக்கறீங்க டீச்சர்” என்று எதிர்வீட்டுக்காரர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

மூன்று மாதம் என்றால் நமக்குப் பிடிமானம் ஏது என்று அவர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, நோட்டீஸ் கொடுத்தும் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் இருந்து, அது அரசின் இணையதளத்தில் பதிவாகியும் இருந்தால்தான் நம் பக்கம் பலம். பதிவு என்றதுமே இரண்டு தரப்பும் பின்வாங்குகிறார்கள். குடித்தனக்காரருக்கு ஆதாரைக் கொடுக்கப் பயம், வீட்டுக்காரருக்கு வருமான வரிப் பயம். வாடகை வருமானத்தில் வீட்டு வரி போக மீதியில் முப்பது சதவீதத்தைப் பழுதுபார்ப்புக்கென்று வருமான வரித் துறையே கழித்துவிடுகிறது. பில்கூடக் கேட்பதில்லை. என்னைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் வரியே வராது.

அந்த வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில், எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்று பட்டியலே இருக்கிறது. சுவருக்கு வெள்ளை அடிப்பது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர். குழாய் வாஷர், சுவிட்ச், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடித்தனக்காரர். எங்கள் பகுதி உப்புத் தண்ணீரில் வாஷர் எத்தனை நாள் தாங்கும்? பதினான்கு வருடமாக மாடி வீட்டு வாஷருக்கெல்லாம் பிளம்பருக்குக் கூலி கொடுத்தது நான்! இந்தப் பட்டியல் அப்போதே தெரிந்திருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

அந்த அட்டவணையை அப்படியே தமிழில் உங்கள் இதழில் வெளியிட முடியுமா? அரைப் பக்கம்கூட வராது. வெட்டி எடுத்து மாடிப்படி வளைவில் ஒட்டிவைக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வீட்டுக்காரம்மா,
குரோம்பேட்டை.