சாப்பாட்டு மேசைக்கு மேலே

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மேல் கான்கிரீட் முடிந்து சுவர் பூச்சு ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்று படித்ததும் எனக்கே வீடு கட்டுவது போல ஒரு பரபரப்பு. அத்தைக்கு முட்டிவலி குறைந்து நடக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மகளுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்துவிட்டது. அவர் ஓய்வு பெற்ற பிறகு காலையில் அடுப்படிக்கே வந்துவிடுகிறார். தேங்காய் துருவுவது இப்போது அவர் பொறுப்பு.

சரி, எந்த விளக்கு வைப்பது என்று நீ கேட்டதற்கு வருகிறேன். சாப்பிடும் இடத்துக்கு எலக்ட்ரீசியன் ஃபால்ஸ் சீலிங்கில் வரிசையாகச் சின்ன விளக்குகள் என்கிறார், உன் வீட்டுக்காரர் சாண்ட்லியர் என்கிறார், அத்தை ஒரு டியூப் லைட் போதும் என்கிறார்கள். நான் சொல்வது வேறு. மேசைக்கு நேர் மேலே, தாழ்வாக, ஷேடு போட்ட தொங்கு விளக்கு வை. வெளிச்சம் தட்டில் விழட்டும், கண்ணில் விழ வேண்டாம்.

அத்தையை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். வயதாக ஆகக் கண்மணி சுருங்குகிறது, உள்ளே இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிறது. இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் போய்ச் சேர்கிறது. உங்கள் வீட்டில் வாரத்தில் பாதி நாள் மீன். சாளையின் முள்ளை அந்தக் கண்ணோடு எடுக்க வேண்டும், யோசித்துப் பார். அதற்காக உச்சியில் பெரிய பல்பைப் போட்டால் தீராது. மூடாத பல்பின் கூச்சமும் வயதானவர்களைத்தான் அதிகம் படுத்தும். அப்புறம் சுவரில் டியூப் லைட் இருந்தால், அதற்கு முதுகு காட்டி உட்காருபவரின் நிழல் அவர் தட்டிலேயே விழும். விளக்கு தட்டுக்குப் பக்கத்தில் வந்தால் 9 வாட் எல்.இ.டி. கூடத் தாராளம்.

டென்மார்க்கில் பவுல் ஹென்னிங்சன் என்ற வடிவமைப்பாளர் பல்பின் வெளிச்சம் கண்ணில் கூசாமல் இருப்பதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தார். மண்ணெண்ணெய் விளக்கின் மிதமான ஒளியில் வளர்ந்தவர், மின்சார பல்பின் கூச்சத்தைப் பொறுக்க முடியாதவர். 1958-இல் அவர் வடிவமைத்த பி.எச்.5 விளக்கில் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும், எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பல்பு கண்ணில் படாது. அவ்வளவு விலை கொடுத்து அதை வாங்கச் சொல்லவில்லை. பல்பு ஷேடுக்குள் நன்றாக மேலே ஏறி இருக்கிறதா என்று கடையில் குனிந்து பார்த்து வாங்கு, அது போதும். மணப்பாட்டுப் பனையோலைப் பின்னல் உனக்குப் பிடிக்கும் என்று தெரியும். நெருக்கமாகப் பின்னியதாகப் பார், இடைவெளி இருந்தால் கூசும். அடுப்படி அருகே என்றால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும், துடைக்க வசதியான உலோக ஷேடுதான் என் விருப்பம்.

உயரத்துக்கு எல்லாரும் சொல்லும் கணக்கு, மேசைப் பலகையிலிருந்து இரண்டரை அடி. அது எல்லோரும் உட்கார்ந்து, பாத்திரத்தைக் கைமாற்றிக்கொள்ளும் வீட்டுக்குச் சரி. நம் வீட்டில் ஒருவர் நின்று பரிமாறுவோம். குழம்புச் சட்டியோடு குனிகிற நெற்றியில் இடிக்கக் கூடாது, மூன்றடி வை. ஆறு பேர் உட்காரும் நீள மேசை என்றால் பெரியது ஒன்றைவிடச் சின்னதாக இரண்டு நல்லது. கண்ணாடி மேசை வேண்டாம் என்று அண்ணனிடம் நான் சொன்னதாகவே சொல்லிவிடு. மேலே இருக்கும் பல்பு கீழே கண்ணாடியில் தெரிந்து கண்ணைக் குத்தும்.

ஃபேன்தான் பெரிய சிக்கல். கொக்கி எப்போதும் அறையின் நடுவில் இருக்கும், மேசையும் அங்கேதான் வரும். இறக்கைக்கு மேலே சீலிங் விளக்கு இருந்தால் நிழல் வெட்டி வெட்டிச் சுழலும், அதன் கீழ் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. எலக்ட்ரீசியன் சொல்லும் வரிசை விளக்குகளை நான் ஒத்துக்கொள்ளாததற்கு இதுவும் காரணம். கயிற்று விளக்கு அருகில் ஃபேன் ஓடினால் ஆடிக்கொண்டே இருக்கும். மேசையைச் சுவர்ப் பக்கம் தள்ளிப் போட்டு, அதற்கு மேல் கொக்கி அடித்து, கெட்டியான கம்பித் தண்டில் விளக்கை இறக்கு. காற்று போதவில்லை என்றால் சுவர் ஃபேன் வைத்துக்கொள்ளலாம்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. பல்பு ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. நம் ஊர்க் கடைகளில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பது 6500 கெல்வின், கூல் டேலைட். அதில் மீன் குழம்பின் சிவப்பு செத்துப்போகும், முகங்களும் களைத்துத் தெரியும். 2700 அல்லது 3000 கெல்வின் கேள். கூடவே அட்டையில் சி.ஆர்.ஐ. எண்ணைப் பார், நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கான மதிப்பெண் அது, முழு மதிப்பெண் 100. சாதாரண எல்.இ.டி. பல்புகளில் 80 இருக்கும், 90-க்கு மேல் கிடைத்தால் சிவப்பும் பச்சையும் உள்ளபடி தெரியும். கொஞ்சம் விலை கூடத்தான், ஆனால் தினம் மூன்று வேளை அதன் கீழ்தான் உட்காரப் போகிறீர்கள்.

அத்தை கேட்ட டியூப் லைட்டையும் விட்டுவிடாதே. மேசை துடைக்கவும் பேரன் வீட்டுப்பாடம் எழுதவும் அது வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச் போடச் சொல். தொங்கு விளக்கை இன்வெர்ட்டர் லைனில் சேர்க்கச் சொல், கரண்ட் போனாலும் சாப்பாடு நடக்கும். இதெல்லாம் சுவரில் வயர் பைப் புதைக்கும் முன் முடிவாக வேண்டும், பூச்சு முடிந்தால் சுவரை உடைக்கத்தான் வேண்டியிருக்கும்.

மேசையின் நீள அகலமும், ஃபேன் கொக்கி எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி என்பதும் அளந்து ஒரு தாளில் வரைந்து உடனே அனுப்பு. கொக்கி எங்கே அடிப்பது என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். அத்தையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மல்லிகா