என் வீடு, என் இஷ்டம்?

வேலூர்

அன்புள்ள சேகர்,

கடிதம் வந்தது. பேத்திக்குக் காது குத்திய படத்தையும் பார்த்தோம். அப்படியே உன் அம்மா ஜாடை. இங்கே கத்திரி முடிந்தும் வெயில் குறையவில்லை, வழக்கம்போல.

"என் வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்பது என் இஷ்டம், இதில் சட்டத்துக்கு என்ன வேலை?" என்று கேட்டிருந்தாய். உன் மாடி போர்ஷனை அரசியல் சட்டம் பேர் சொல்லித் தொடவே இல்லையப்பா! ஜாதி, மதம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்கிற 15(2) பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை என்றுதான் அடுக்குகிறது. அந்தத் தைரியத்தில்தான் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டுச் சாவியை எடுக்கிறார்கள்.

ஆனால் இந்த இஷ்டம் எதுவரை போகும் தெரியுமா? 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். அப்போது அது நம் மாவட்டம்தான். சுடுகாட்டுக்குப் போகும் வழியில் தனியார் நிலம், உள்ளே விடவில்லை. தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். வீடியோ பரவியதும் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அரை ஏக்கர் ஒதுக்கிவிட்டோம் என்றது அரசுத் தரப்பு. ஆதிதிராவிடருக்கென்று தனி மயானம் எதற்கு என்று நீதிபதிகள் திருப்பிக் கேட்டார்கள். சரியான கேள்வி. வழியை விடச் சொன்னால் தனி இடம் கொடுத்து வாயை அடைப்பது நம் ஊர்ப் பழக்கமாயிற்றே!

"என் நிலம்" என்பதும் உன் "என் வீடு" வாதம்தான். சொத்துரிமையை 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்துவிட்டது; இப்போது 300ஏ பிரிவில், அடிப்படை உரிமை அல்லாத அரசியல் சட்ட உரிமையாக இருக்கிறது. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது பிரிவோ அரசாங்கத்தோடு தனி ஆளையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. நிலத்துக்காரர் விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை.

வீட்டு விஷயத்தில்தான் தடுமாறுகிறேன். வயதான அம்மாவோடு ஒரே வாசலில் புழங்குகிற ஒருத்தி, பக்கத்துப் போர்ஷனுக்குத் தனக்கு ஒத்துவருகிற ஆளைத் தேடினால் அவள்மேல் சட்டத்தை ஏவ எனக்கு மனம் வராது. ஆனால் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிற வெளியூர்க்காரர்களை நம்பி வரிசையாக ரூம் கட்டி, வங்காளத்திலும் இந்தியிலும் போர்டு மாட்டியிருப்பவரும் "என் வீடு" என்றால்? அதை நீ வீடு என்பாயா, லாட்ஜ் என்பாயா? நான் லாட்ஜ் என்கிறேன். அங்கே ஜாதி, மதம் கேட்டு ஆளைத் திருப்பி அனுப்ப அவருக்கு உரிமை இல்லை.

நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும். காரணத்தோடு எழுது. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி