பாட்மே வெறும் பொட்டல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான ஆப்பிரிக்க எல்லைப் போர்கள் பற்றிய கட்டுரை, 1998 முதல் 2000 வரை எத்தியோப்பியாவும் எரித்திரியாவும் நடத்திய போரை, ஒரு பொட்டல் காட்டுக்காக இரண்டு ஏழை நாடுகள் மோதிக்கொண்ட வீண் சண்டை என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. எரித்திரியாவில் சில ஆண்டுகள் கல்லூரி ஆசிரியராகப் பணிபுரிந்தவன் என்ற முறையில் அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தப் போர் மூண்ட எல்லை ஊரான பாட்மே சிறியதுதான். ஆனால், பத்திரத்தில் நான்கெல்லையைப் பிழையாக எழுதிவிட்டால் வீட்டின் உரிமையே ஆட்டங்காணும் அல்லவா? எரித்திரியர்களுக்கு எல்லைக்கோடு அப்படிப்பட்டது. அதன் நடுப்பகுதியில் இருபுறமும் வாழ்பவர்கள் ஒரே திக்ரின்யா மொழி பேசும் மக்கள். அவர்களைப் பிரிப்பது, அப்போது எரித்திரியாவை ஆண்ட இத்தாலிக்கும் எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனலிக்குக்கும் இடையே 1900, 1902, 1908 ஆகிய ஆண்டுகளில் ஏற்பட்ட ஒப்பந்தங்கள் மட்டுமே. 1950இல் ஐ.நா. எடுத்த முடிவின்படி எரித்திரியா எத்தியோப்பியாவுடன் கூட்டாட்சியாக இணைக்கப்பட்டது. 1962இல் எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி அந்தக் கூட்டாட்சியைக் கலைத்து எரித்திரியாவை ஒரு மாகாணமாக்கினார். அதற்கு முந்தைய ஆண்டே, செப்டம்பர் 1ஆம் நாள், ஹமித் இத்ரிஸ் அவாத்தே என்பவர் எரித்திரிய விடுதலைக்கான ஆயுதப் போராட்டத்தைத் தொடங்கியிருந்தார். குடியேற்றக் கால எல்லைகளை மதிக்க வேண்டும் என்று 1964இல் கெய்ரோவில் தீர்மானித்த ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு, தன் தலைமையகம் இருந்த எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவின் அரசை எதிர்த்து எரித்திரியாவுக்காக அந்தக் கொள்கையை நிலைநாட்ட முன்வரவில்லை. முப்பது ஆண்டுகள் போராடி 1991 மே மாதம் தங்கள் தலைநகர் அஸ்மாராவை மீட்டு, 1993 வாக்கெடுப்பில் ஏறத்தாழ ஒருமனதாக விடுதலைக்கு வாக்களித்த மக்கள், அந்தக் கோட்டில் ஓர் ஊரை விட்டுக்கொடுத்தால் மற்றவையும் கேள்விக்குள்ளாகும் என்று அஞ்சியதில் வியப்பில்லை.

எரித்திரிய அரசின் பிழையை நான் மறைக்கவில்லை. 1998 மே மாதம் பாட்மேயில் அது படைபலத்தைப் பயன்படுத்தியது சட்டமீறல் என்று, இரு நாடுகளும் ஏற்ற இழப்பீட்டு ஆணையம் 2005இல் கூறியது. 1997இல் எரித்திரியா நக்ஃபா என்ற சொந்த நாணயத்தை வெளியிட்டதும் எழுந்த வணிகத் தகராறும் பகையை வளர்த்தது. ஆயினும், இரு தரப்பும் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்ட எல்லை ஆணையம் 2002 ஏப்ரல் 13 அன்று அளித்த தீர்ப்பின்படி பாட்மே எரித்திரியாவுக்கே உரியது. எத்தியோப்பியா அதைப் பல ஆண்டுகள் நிறைவேற்றவில்லை. கட்டுரையில் இந்தத் தீர்ப்பைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை என்பதுதான் எனக்குப் பெரும் குறையாகத் தோன்றுகிறது.

ஏனெனில், நான் அங்கே கண்டதெல்லாம் நிறைவேறாத அந்தத் தீர்ப்பின் விளைவுகளே. பதினெட்டு மாதங்கள் என்று சட்டத்தில் இருந்த கட்டாய இராணுவச் சேவையை, எல்லை இன்னும் தீரவில்லை என்று காட்டி அரசு காலவரையின்றி நீட்டித்தது. என்னிடம் படித்த பிள்ளைகளுள் சிலர் ஒரு நாள் வகுப்பில் இருப்பார்கள், மறுவாரம் இருக்கமாட்டார்கள். எல்லையைத் தாண்டிவிட்டார்கள் என்று மற்றவர்கள் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். அதைச் செய்த அரசை நான் மன்னிக்க மாட்டேன்.

நான் குடியிருந்த வீட்டின் அம்மையார் விடுதலைப் போரில் ஆயுதம் ஏந்தியவர். தம்பியை 2000ஆம் ஆண்டுப் போரில் இழந்தார். 2003இல்தான் அரசு அவருக்குச் சான்றிதழ் கொடுத்து முறைப்படி தெரிவித்தது. கூடத்துச் சுவரில் சட்டமிட்ட அந்தச் சான்றிதழும், அதன் கீழே தரையில் 'ஷிதா' என்று அவர்கள் அழைக்கும், போராளிகள் அணிந்த பிளாஸ்டிக் செருப்பு ஒரு ஜோடியும் இருந்தன. காப்பிக் கொட்டையை வறுத்துப் புகையை எங்கள் பக்கம் விசிறிவிட்டு, பாட்மே எந்தப் பக்கம் என்று தீர்ப்பு வந்துவிட்டது, என் தம்பிதான் வரவில்லை என்றார்.

2018இல் சமாதானம் அறிவிக்கப்பட்டு, மறு ஆண்டு எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமதுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. கட்டுரையின் அடுத்த பகுதியிலேனும் 2002 தீர்ப்பையும் அது கிடப்பில் கிடந்த ஆண்டுகளையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்,
மதுரை